லிப்ரே ஆபீஸ்: இலவசம் என்றாலே சந்தேகப்படும் நண்பர்களுக்காக ஒரு விமர்சனம்

கடிதம், கணக்கு, படக்காட்சி என்று எம்எஸ் ஆபீஸில் செய்கிற வேலைகளைச் செய்ய உதவும் இன்னொரு மென்பொருள் லிப்ரே ஆபீஸ். அதைப் பற்றிச் சொல்ல வருபவர்கள் பெரும்பாலும் "காசே வேண்டாம், சும்மா இறக்கிக்கொள்ளலாம்" என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். நம் ஊரில் அந்தப் பேச்சு எடுபடாது. கம்ப்யூட்டர் வாங்குகிற இடத்திலேயே ஆபீஸ், போட்டோஷாப், கோரல்டிரா, ஒரு மூட்டை தமிழ் எழுத்துரு என்று எல்லாவற்றையும் கிராக் பண்ணி ஏற்றிக் கொடுத்துவிடுகிறார்கள், தனியாகக் காசும் வாங்குவதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் போய் இன்னொன்றும் சும்மா கிடைக்கிறது என்றால், "சரி, அதனால் எனக்கு என்ன?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன், விலைப் பேச்சை இதோடு விட்டுவிடுகிறேன்.

நான் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறேன். தெரிந்த டிடிபி கடைக்காரர்களும் சங்கத்துக்காரர்களும் கூப்பிட்டால் போய் உதவுவேன். கடிதம், நோட்டீஸ், கணக்கு, வினாத்தாள் என்று என் வேலை எல்லாமே லிப்ரே ஆபீஸில்தான் நடக்கிறது.

முதலில் இதன் வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சந்தேகப்படுபவர்களுக்கான முதல் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. 1985-இல் ஜெர்மனியில் மார்கோ போரிஸ் என்ற இளைஞர் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் நிறுவனத்தில் உருவான ஸ்டார் ஆபீஸ்தான் இதன் மூலம். 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது. அடுத்த ஆண்டே அதன் மூலநிரலை யாரும் பார்த்து மாற்றிக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது, அப்படி வந்ததுதான் ஓப்பன் ஆபீஸ். 2010-இல் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் வாங்கிவிட, இனி இதன் கதி என்ன ஆகும் என்று கவலைப்பட்ட நிரலாளர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் அந்த ஆண்டு செப்டம்பரில் தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கி, மொத்த நிரலையும் எடுத்துக்கொண்டு லிப்ரே ஆபீஸ் என்ற பெயரில் தனியாகப் போய்விட்டார்கள். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவை இருக்கவில்லை, உரிமத்திலேயே அந்த அனுமதி இருந்தது. கம்பெனி கை மாறினாலும் பயன்படுத்துபவர்கள் நடுத்தெருவில் நிற்கவில்லை.

இப்போது அச்சுப் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கல்யாணப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ், சிறுபத்திரிகை, கைடு என்று வருடக்கணக்காக எல்லாம் அதில்தான் கோர்க்கப்பட்டன. அடோபி 2001-இல் 7.0 பதிப்பை வெளியிட்டது, அதோடு அந்த மென்பொருளின் வளர்ச்சி முடிந்தது. அது அவர்கள் சொத்து, அவர்கள் முடிவு. ஆனால் அதில் சேமித்த கோப்புகள் நம்முடையவை, அவற்றைத் திறக்கும் சாவி மட்டும் நம்மிடம் இல்லை. இன்றும் பழைய சிஸ்டம் ஒன்றை மூலையில் வைத்து, அது செத்துவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து ஓட்டுகிற அச்சகங்கள் இருக்கின்றன.

இங்கேதான் லிப்ரே ஆபீஸ் என்னை முழுதாகத் தன் பக்கம் இழுத்தது. 2014-இல் டாக்குமென்ட் லிபரேஷன் என்ற திட்டம் தொடங்கியது. கைவிடப்பட்ட, விவரம் வெளியிடப்படாத கோப்பு வடிவங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அவற்றைத் திறக்கும் நிரல்களை எழுதி எல்லோருக்கும் கொடுப்பதே அதன் வேலை. அந்த உழைப்பால் லிப்ரே ஆபீஸில் படம் வரையும் பகுதியான டிரா இன்று பேஜ்மேக்கர் கோப்புகளையும் கோரல்டிரா கோப்புகளையும் திறக்க முயல்கிறது. முயல்கிறது என்று சொல்வது காரணத்தோடுதான். பக்க அமைப்பு அச்சு அசலாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், சில கோப்புகள் திறக்கவே மறுக்கும். ஆனால் ஒரு நிறுவனம் மூடிவிட்டுப் போன கதவை அந்த நிறுவனத்தோடு சம்பந்தமே இல்லாதவர்கள் உட்கார்ந்து திறக்கிறார்கள், அதில் காசு பார்க்க வழியே இல்லை என்று தெரிந்தும் செய்கிறார்கள். "இதெல்லாம் சும்மா இருப்பவர்கள் செய்கிற வேலை" என்று சொல்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அந்தப் பழைய கோப்புகளுக்குள் இருக்கும் தமிழ் பாமினி மாதிரியான பழைய குறியேற்றத்தில் (கணினி எழுத்தைப் பதியும் முறையில்) இருக்கும், அதை இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றுவது தனி வேலை. அதற்கும் திறந்த வழி இருக்கிறது. ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் மொழி நூலகத்தில், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பில், இந்த மாற்றிகள் இருக்கின்றன, நிரல் தெரிந்த ஒரு கல்லூரிப் பையன் பக்கத்தில் இருந்தால் போதும்.

சரி, தினசரி வேலைக்கு வருவோம். கடிதம் எழுதும் பகுதியான ரைட்டரில் தமிழ் எழுதுவது நன்றாக இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் ஒரு அமைப்பை முதலில் செய்துவிட வேண்டும். டூல்ஸ் பட்டியலில் ஆப்ஷன்ஸ் போய், மொழி அமைப்பில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு எழுத்துரு அமைப்பில் ஆங்கிலத்துக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று என்று தனித்தனியாக வைக்கலாம். இதைத் தெரியாமல் "எழுத்துருவை மாற்றினேன், தமிழ் மட்டும் மாறவே இல்லை" என்று குழம்புகிறவர்கள் நிறைய. தெரிந்துவிட்டால் இது பெரிய வசதி, ஒரே பத்தியில் ஆங்கிலமும் தமிழும் கலந்து வந்தாலும் இரண்டும் தன் தன் எழுத்துருவில் தானாகவே நிற்கும். விண்டோஸிலும், லினக்ஸ் என்ற திறந்த இயங்குதளத்திலும் தமிழ் 99 விசைப்பலகை அமைப்பு இருக்கிறது, அதில் எழுதினால் நேராக யூனிகோடுதான் வரும்.

தமிழ் திரையில் சரியாகத் தெரிகிற விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், அறிவைப் பகிர்ந்துகொள்வதால் நமக்கு என்ன கிடைத்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. "கொ" என்று எழுதினால் ககரத்துக்கு முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் கால். உள்ளே இரண்டு குறியீடுகள்தான் இருக்கின்றன, முதலில் ககரம், அதன் பின் ஒகரக் குறி. அதைப் பிரித்து, கொம்பை முன்னால் கொண்டுவந்து, காலைப் பின்னால் நிறுத்தும் வேலையை ஒரு நிரல் செய்ய வேண்டும். அது சரியில்லை என்றால் கொம்பு ஓரிடத்தில், கால் ஓரிடத்தில், நடுவில் புள்ளி வட்டம் என்று வரும், பார்த்திருப்பீர்கள். 2017-க்கு முன் லிப்ரே ஆபீஸ் இந்த வேலைக்கு விண்டோஸில் ஒரு நிரலையும் மேக்கில் வேறொன்றையும் நம்பியிருந்தது. அதனால் ஒரே கோப்பு ஒரு கணினியில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் வரி உடைந்தது. 5.3 பதிப்பில் எல்லாக் கணினிகளுக்கும் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே திறந்த நூலகத்தைக் கொண்டுவந்தார்கள். அந்த மாற்றத்தை முன்னின்று செய்தவர் எகிப்தைச் சேர்ந்த காலித் ஹோஸ்னி, அரபி எழுத்துருக்களுக்காகப் பாடுபடுபவர். ஹார்ஃப்பஸை வளர்த்தெடுத்த பெஹ்தாத் எஸ்ஃபாபோத் ஈரானில் பிறந்தவர். அரபியும் பாரசீகமும் திரையில் ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்று கவலைப்பட்டவர்கள் எழுதிய நிரல் அது. அந்த வேலையின் பலன் மதுரையில் வினாத்தாள் தட்டச்சு செய்கிறவருக்கும் யாழ்ப்பாணத்தில் கடிதம் எழுதுகிறவருக்கும் வந்து சேர்ந்தது. அதே ஹார்ஃப்பஸ்தான் குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் தமிழைச் சரியாகக் காட்டுகிறது. இலவச மென்பொருளை நான் தொட்டதே இல்லை என்று சொல்கிறவர் கையில் இருக்கும் போனிலும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

எழுத்துருவும் அப்படித்தான். நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித் தமிழ், மலையாளக் கணிமை அன்பர்கள் செய்த மீரா இனிமை, இலங்கையின் தாரிக் அசீஸ் வடிவமைத்த பவனம், பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரன் என்று அச்சுக்கே போகிற தரத்தில் திறந்த உரிம எழுத்துருக்கள் இப்போது இருக்கின்றன. ஒரு நோட்டீஸை இவற்றில் அமைத்து, எழுத்துருவையும் சேர்த்தே அடுத்த கடைக்கு அனுப்பலாம், யாருக்கும் பயப்பட வேண்டாம்.

கோப்பைப் பற்றி ஒரு சோதனை சொல்கிறேன், வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் கண் விரியும். ரைட்டரில் நாலு வரி தமிழில் எழுதி லிப்ரே ஆபீஸின் சொந்த வடிவமான ஓடிடி (.odt) கோப்பாகச் சேமியுங்கள். பிறகு அந்தக் கோப்பின் கடைசிப் பெயரை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே கண்டென்ட் என்ற எக்ஸ்எம்எல் (வெறும் எழுத்தாலான) கோப்பு இருக்கும், அதை நோட்பேடில் திறந்தால் நீங்கள் எழுதிய தமிழ் அப்படியே படிக்கிற மாதிரி இருக்கும். லிப்ரே ஆபீஸே நாளைக்கு இல்லாமல் போனாலும் உங்கள் எழுத்தை மீட்கலாம். இந்த வடிவம் 2006-இல் ஐஎஸ்ஓ என்ற உலகத் தர அமைப்பின் தரமாக ஏற்கப்பட்டது, அதன் முழு விவரமும் யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடைக்கிறது. மைக்ரோசாஃப்ட் வேர்டின் டாக்எக்ஸ் (.docx) கோப்பும் உள்ளே ஜிப்தான், அதுவும் 2008-இல் தரமானது, அதை மறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அதன் விவரக் குறிப்பு ஆயிரக்கணக்கான பக்கம், அதை முழுதாகப் பின்பற்றி இன்னொரு மென்பொருள் எழுதுவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

எக்ஸெல் மாதிரி கணக்குப் போடும் கால்க் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, கடைக் கணக்கு, சீட்டுக் கணக்கு, மார்க் பட்டியல் எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போதும். 10,48,576 வரிசை வரை போகலாம், 2022-இல் வந்த 7.4 பதிப்பிலிருந்து நெடுவரிசையும் 16,384 ஆகிவிட்டது. வட்டார அமைப்பை இங்கிலீஷ் இந்தியா என்று வைத்தால் லட்சம், கோடி இடத்தில் காற்புள்ளி விழும். படக்காட்சி செய்யும் இம்ப்ரெஸ் சுமார்தான், கூடவே வரும் வார்ப்புருக்கள் எனக்குப் பிடிக்கவில்லை, நானே அமைத்துக்கொள்கிறேன். பிடிஎஃப் வேலையில் இது கில்லாடி. ரைட்டரிலிருந்து பிடிஎஃப் எடுக்கும்போது ஹைப்ரிட் என்ற கட்டத்தில் டிக் போட்டால், அந்தப் பிடிஎஃபுக்குள்ளேயே திருத்தக்கூடிய மூலக் கோப்பும் உட்கார்ந்துகொள்ளும். வாங்குபவருக்குச் சாதாரண பிடிஎஃப், அடுத்த வருடம் அதே நோட்டீஸில் தேதியை மட்டும் மாற்ற வேண்டும் என்றால் லிப்ரே ஆபீஸில் திறந்து மாற்றிவிடலாம். திருவிழாக் கமிட்டிக்காரர்களுக்கு இதைக் காட்டிப் பாருங்கள்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் இது விளம்பரம் ஆகிவிடும். எக்ஸெல்லில் விபிஏ மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் குட்டி நிரல்) எழுதி ஓட்டுகிற அலுவலகம் என்றால் பொறுமையாக யோசியுங்கள், எல்லா மேக்ரோவும் இங்கே ஓடாது. வெளியிலிருந்து தரவை எடுத்து ஒழுங்குபடுத்தும் எக்ஸெல்லின் பவர் குவெரி மாதிரியான வசதிக்கு இணையாக இங்கே எதுவும் இல்லை. நிறைய பெட்டி, படம், அட்டவணை போட்ட வேர்ட் கோப்பு திறக்கும்போது இடம் மாறி நிற்கலாம். எழுத்துரு இல்லாததால் இடம் மாறுவதும் உண்டு, வேர்டில் பரவலான கேலிப்ரி எழுத்துருவுக்குப் பதிலாக அதே அகலம் கொண்ட கார்லிட்டோ கூடவே வருவதால் அந்தத் தொல்லை கொஞ்சம் குறையும். தமிழ் எழுத்துப்பிழை திருத்தி பெருமையாகச் சொல்லும் நிலையில் இல்லை. ஒரே வேர்ச்சொல்லில் வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் சேர்ந்து சேர்ந்து ஏராளமான வடிவம் வரும் மொழியில் சொற்பட்டியலை மட்டும் வைத்துப் பிழை பிடிப்பது கடினம். முதலில் திறக்கும்போது தோற்றம் பழைய காலத்து மாதிரி இருக்கும், வியூ பட்டியலில் யூசர் இன்டர்ஃபேஸ் போய் டேப்டு என்று மாற்றினால், எம்எஸ் ஆபீஸின் மேல்பட்டை (ரிப்பன்) பழகியவர்களுக்குச் சௌகரியம். 25.8 பதிப்பிலிருந்து விண்டோஸ் 7, 8 கணினிகளில் ஏறாது, அந்தக் கணினிகளுக்குப் பழைய பதிப்போ லினக்ஸோதான் வழி.

இனி சந்தேகங்களுக்கு வருவோம். "காசு வாங்காமல் ஒருத்தன் ஏன் வேலை பார்க்கிறான், உள்ளே ஏதோ இருக்கிறது" என்பது எல்லோரும் கேட்பது. இதை எழுதுகிறவர்களில் நிறையப் பேர் சம்பளத்துக்கு எழுதுகிறார்கள். கொலாபோரா போன்ற நிறுவனங்கள் அரசுகளுக்கும் பெரிய அலுவலகங்களுக்கும் உதவி ஒப்பந்தம் போட்டுச் சம்பாதிக்கின்றன, அந்தப் பணத்தில் செய்யும் திருத்தங்கள் எல்லோருக்கும் வருகின்றன. பெர்லினில் இருக்கும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் நன்கொடையில் நடக்கிறது. பிரான்சின் தேசிய ஜாண்டார்மரி காவல் படை 2005-இலேயே ஓப்பன் ஆபீஸுக்கு மாறியது. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு ஏறக்குறைய 30,000 கணினிகளில் லிப்ரே ஆபீஸ் வைப்பதாக 2024-இல் முடிவு செய்தது. மியூனிக் நகராட்சி லினக்ஸுக்குப் போய்விட்டு 2017-இல் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்ததும் உண்மை. மாறுவது அவ்வளவு சுலபம் இல்லை, பயிற்சியும் பொறுமையும் வேண்டும், அதைச் சொல்லாமல் ஆள் சேர்க்கக் கூடாது.

"எல்லோரும் பார்க்கிற நிரல் என்றால் திருடனும் பார்ப்பானே?" பார்ப்பான்தான். கோப்புகளைச் சுருக்க உதவும் எக்ஸ்இசட் என்ற சிறிய திறந்த நூலகத்தில் ஒருவர் நீண்ட காலம் நல்லவராகப் பழகி, பராமரிப்பாளராகவே ஆகி, திருட்டுக் கதவு ஒன்றை நுழைத்தது 2024 மார்ச்சில் தெரியவந்தது. அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்கும் பொறியாளர். எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைவது அரை நொடி தாமதமாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டிப் போனார். அவர் போய்ப் பார்க்க முடிந்தது நிரல் திறந்திருந்ததால்தான். நம் கடைகளில் கிராக் ஏற்றும்போது "ஆன்டிவைரஸை கொஞ்ச நேரம் நிறுத்துங்கள்" என்று ஒரு வரி வருமே, அதற்குப் பிறகு உள்ளே என்ன இறங்குகிறது என்று யார் போய்ப் பார்க்கிறார்கள்? வங்கிக் கணக்கு விவரமும் ஆதார் நகலும் அதே கணினியில்தான் கிடக்கின்றன.

வேலைவாய்ப்பு பற்றிய கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, பெற்றோர் அதைத்தான் கேட்கிறார்கள். "இன்டர்வியூவில் எம்எஸ் ஆபீஸ் தெரியுமா என்றுதானே கேட்பான்?" ஆமாம், கேட்பார்கள். ஆனால் நம் மாநிலப் பாடத்திட்டத்தில் 12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் படித்த ஒரு தலைமுறையே ஸ்டார் ஆபீஸில்தான் கற்றது. 2018-இல் வந்த 11ஆம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் புத்தகமும் ஓப்பன் ஆபீஸை வைத்துத்தான் பாடம் நடத்துகிறது. அதில் படித்தவர்கள் வேலைக்குப் போய் எக்ஸெல்லில் தடுமாறி நின்றுவிடவில்லை. சூத்திரம் போடவும், பத்திக்கு ஸ்டைல் வைக்கவும், மெயில் மெர்ஜ் செய்யவும் ஒழுங்காகக் கற்றவருக்குப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடப் பெரிய நேரம் ஆகாது. அப்புறம் ஒன்று, வகுப்பில் ஒரு மாணவி "சார், வீட்டில் அண்ணன் கம்ப்யூட்டரில் இது இல்லையே" என்றால், பென்டிரைவில் போட்டுக் கொடுத்து, "அப்படியே உன் தோழிகளுக்கும் கொடும்மா" என்று தலை நிமிர்ந்து சொல்ல முடிகிறது. திருட்டு நகலை ஏற்றி வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது எனக்கு உறுத்துகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

இந்தப் பகிர்வு தமிழுக்குப் புதிதும் இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியம் முதற்கொண்டு தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இணையத்தில் வைத்த களஞ்சியம். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அப்படியே. சந்தேகப்படும் நண்பர் பிள்ளையின் புராஜெக்டுக்கு விக்கிப்பீடியாவைத்தான் திறக்கிறார், படம் பார்க்க விஎல்சியைத்தான் திறக்கிறார், அது பாரிஸ் மாணவர்கள் கல்லூரித் திட்டமாக ஆரம்பித்து 2001-இல் திறந்துவிட்ட மென்பொருள். இரண்டையும் அவர் ஏற்கெனவே நம்புகிறார்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. மேக்ரோவை நம்பி ஓடும் கணக்கு அலுவலகம் என்றால் மூன்று, பள்ளி, சங்கம், நூலகம், சின்னக் கடை என்றால் நாலரை. மாற நினைப்பவர்கள் இருப்பதை அழித்துவிட்டு மாற வேண்டாம், இரண்டும் ஒரே கணினியில் சண்டை போடாமல் இருக்கும். லிப்ரேஆபீஸ் டாட் ஆர்க் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். புதிதாக எழுதுவதை மட்டும் இதில் எழுதி, வெளியே அனுப்புவதைப் பிடிஎஃபாக அனுப்பிப் பாருங்கள். நிறுவுவதில் சிக்கல் என்றால் சென்னையில் ஐஎல்யுஜி-சி, விழுப்புரத்தில் விஜிஎல்யுஜி போன்ற லினக்ஸ் பயனர் குழுக்களைக் கேட்கலாம், காசு கேட்க மாட்டார்கள், பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். தமிழில் எங்காவது எழுத்து உடைந்து தெரிந்தால் அந்தக் கோப்பையும் திரைப் படத்தையும் இணைத்து டாக்குமென்ட் ஃபவுண்டேஷனின் பிழைப் புகார் தளமான பக்சில்லாவில் ஒரு புகார் போடுங்கள், எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு என்பதையும் சேர்த்து எழுதினால் திருத்துபவருக்குப் பாதி வேலை குறையும்.